கொலை செய்யும் கணவனை ரசிக்கிறோம், அவனைத் தடுக்கும் மனைவி மேல் மட்டும் ஏன் எரிச்சல் வருகிறது?

கேள்வி கேட்டவர் 'பிரேக்கிங் பேட்' தொடரை இப்போதுதான் பார்த்து முடித்திருக்கிறார். வால்டர் ஒயிட் செய்த அத்தனை அட்டூழியத்தையும் பொறுத்துக்கொண்ட தானும் தன் நண்பர்களும், அவன் மனைவி ஸ்கைலரை மட்டும் திட்டித் தீர்த்தது ஏன் என்பது முதல் கேள்வி. பார்வையாளர்கள் சொல்வதைக் கேட்டுக் கதையை மாற்றலாமா என்பது இரண்டாவது. (நாலைந்து தொடர்களின் முடிவை இதில் போட்டு உடைத்திருக்கிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளுங்கள்.)

தொடரில் வரும் ஆட்களை நல்லவரா கெட்டவரா என்று எடை போடுவதாகத்தான் நாம் நினைத்துக்கொள்கிறோம். ஆனால் மனசு பார்ப்பது, இந்த ஆளால் கதை ஓடுகிறதா நிற்கிறதா என்பதைத்தான். நிறுத்துகிறவர் மேல் எரிச்சல் வருகிறது. 'என் சுவாரசியத்தைக் கெடுத்துவிட்டாள்' என்று சொன்னால் அற்பமாக இருக்குமே, அதனால் 'அவள் குணமே சரியில்லை' என்று சொல்லிவிடுகிறோம்.

வால்டரை எடுத்துக்கொள்ளுங்கள். வேதியியல் ஆசிரியர், நுரையீரல் புற்றுநோய், குடும்பத்துக்குப் பணம் சேர்த்துவைக்கப் போதைப்பொருள் காய்ச்சக் கிளம்புகிறான். தொடரின் முதல் காட்சியே பாலைவனத்தில் ஜட்டியோடு வேனைத் தாறுமாறாக ஓட்டிக்கொண்டு வரும் வால்டர்தான். அந்த நிமிடத்திலிருந்து அவன் ரகசியம் நமக்கும் ரகசியம். ஸ்கைலருக்கு ஒன்றும் தெரியாது. வயிற்றில் பிள்ளை, கணவனுக்குப் புற்றுநோய், அவன் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகிறான், அவனிடம் இன்னொரு போன் இருப்பது போலத் தெரிகிறது. எங்கே போனாய் என்று அவள் கேட்பதில் என்ன தப்பு? ஆனால் நமக்கு 'ஐயோ, மாட்டிக்கொள்வானோ' என்று பக்கென்கிறது. அது பார்வையாளனின் பதற்றமே கிடையாது, கூட்டுக்களவாணியின் பதற்றம்.

'குடும்பத்துக்காக' என்று அவன் சொல்லிக்கொள்ளும் காரணமோ முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடிலேயே சாயம் வெளுத்துவிடுகிறது. பழைய நண்பன் எலியட் வேலை தருகிறேன், சிகிச்சைச் செலவையும் பார்த்துக்கொள்கிறேன் என்கிறான். வால்டர் வேண்டாம் என்கிறான். பணம்தான் பிரச்சினை என்றால் கதை அங்கேயே முடிந்திருக்க வேண்டும். அப்புறம் இரண்டாவது சீசனில் கூட்டாளி ஜெஸ்ஸியின் காதலி ஜேன் வாந்தி அடைத்துச் சாவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறான், நான்காவது சீசனில் ஒரு சின்னப் பையனுக்கு விஷம் வைக்கிறான். அப்போதும் நாம் அவன் பக்கம்தான்.

என்னைப் பொறுத்தவரை இந்தக் கேள்விக்கான விடை ஐந்தாவது சீசனின் நான்காவது எபிசோடில் இருக்கிறது. வால்டரின் 51-வது பிறந்தநாள். ஸ்கைலரின் தங்கையும் தங்கை கணவன் ஹாங்க்கும் வந்திருக்கிறார்கள், நீச்சல் குளத்தோரம் உட்கார்ந்து வால்டர் தன் நோயைப் பற்றி உருக்கமாகப் பேசிக்கொண்டிருக்கிறான். ஸ்கைலர் எழுந்து, உடுத்திய துணியோடு அப்படியே குளத்துக்குள் நடந்து மூழ்குகிறாள். பார்த்த பலரும் 'ஓவர் ஆக்டிங்', 'சீன் போடுகிறாள்' என்றார்கள். ஆமாம், சீன்தான் போடுகிறாள்! பிள்ளைகளை அந்த வீட்டிலிருந்து தங்கை வீட்டுக்கு அனுப்ப அவளுக்குக் கிடைத்த ஒரே வழி அது. அன்று இரவு படுக்கையறையில் வால்டர் அவளை மடக்குகிறான். அடுத்து என்ன செய்வாய், அதற்கடுத்து என்ன செய்வாய் என்று அவள் சொல்லும் ஒவ்வொரு யோசனையையும் உடைத்துக்கொண்டே வருகிறான். கடைசியில் அவளிடம் மிஞ்சுவது காத்திருப்பது மட்டும்தான். எதற்காகக் காத்திருக்கிறாய் என்கிறான். உன் புற்றுநோய் திரும்பி வருவதற்காக என்கிறாள்.

வேறு யாராவது எதிராளி வால்டரிடம் இப்படிச் சொல்லியிருந்தால் பஞ்ச் டயலாக் என்று கொண்டாடியிருப்போம். மனைவி சொன்னதால் 'கல்நெஞ்சக்காரி' ஆகிவிட்டாள்.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்கைலர் மேல் பலருக்குக் கோபம் தணிந்த கட்டம் எது தெரியுமா? நான்காவது சீசனில், கார் கழுவும் நிலையத்தை மலிவாக வாங்குவதற்காகப் போலி அதிகாரியை அனுப்பி முதலாளியை மிரட்டும் இடம். எனக்குத் தெரிந்த அரை டஜன் பேர் அங்கேதான் முதல் தடவையாக 'பரவாயில்லையே இவள்' என்றார்கள். அதாவது, நியாயமாகப் பேசிய வரைக்கும் பிடிக்கவில்லை, கறுப்புப் பணத்தை வெள்ளையாக்க இறங்கியதும் பிடித்துவிட்டது. அவளும் கதையை ஓட்டத் தொடங்கிவிட்டாள் அல்லவா! அலுவலக முதலாளி டெட் உடனான உறவு, கணக்கில் செய்த தில்லுமுல்லு என்று ஸ்கைலரைக் குறை சொல்ல நியாயமான இடங்கள் இருக்கின்றன. ஆனால் வசவு பெரும்பாலும் அங்கே விழவில்லை, அவள் 'வேண்டாம்' என்று சொன்ன இடங்களில்தான் விழுந்தது.

இந்த வெறுப்பு கேரக்டரோடு நின்றிருந்தால்கூடப் போகட்டும் என்று விடலாம். ஸ்கைலராக நடித்த அன்னா கன் 2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸில் ஒரு கட்டுரை எழுதினார். தன்னைத் திட்டுவதற்கென்றே ஃபேஸ்புக் பக்கங்கள் இருந்ததையும், தன்னைக் கொல்ல வேண்டும், எங்கே கிடைப்பாள் என்று ஒருவர் இணையத்தில் கேட்டிருந்ததையும் அதில் சொல்லியிருந்தார். அதே நடிப்புக்கு 2013, 2014 இரண்டு வருடமும் எம்மி விருது வாங்கினார் என்பது வேறு விஷயம்.

பெண் என்பதால்தானா? ஓரளவு ஆமாம். 'செய்யாதே' என்று சொல்லும் பெண்ணுக்கு 'நச்சரிப்பவள்' என்ற முத்திரை தயாராகவே இருக்கிறது, அப்படியே எடுத்துக் குத்திவிடலாம். ஆனால் அது மட்டும் காரணமாக எனக்குத் தோன்றவில்லை. போதைப்பொருள் தடுப்பு அதிகாரியாக வால்டரைப் பிடிக்க அலையும் ஹாங்க்கும் முட்டுக்கட்டைதான், அவனை இந்த அளவுக்கு யாரும் வெறுக்கவில்லை. ஏனென்றால் ஹாங்க் வந்தால் துரத்தல் வரும், துப்பு துலங்கும். ஸ்கைலர் வந்தால் ஹாலில் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும். எழுதியவர்கள் முதல் இரண்டு சீசனில் அவளுக்கென்று ஒரு ஓட்டம் கொடுக்கவில்லை. அது திரைக்கதையின் குறை, அவளுடையது இல்லை.

நம்மூர் சீரியலில் இதற்கு நேர் எதிரான உதாரணம் ஒன்று இருக்கிறது. 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரன். வீட்டுப் பெண்களை அடக்கி ஆள்வதைத் தவிர வேறு வேலையே இல்லாத ஆள். மாரிமுத்து அவனாக வந்து 'இந்தாம்மா ஏய்' என்றதும் மீம் ஆகாத நாளில்லை. ஆனால் இங்கே அவனை ரசித்த அதே ஆட்கள்தான் ஜனனி, ஈஸ்வரி, நந்தினி, ரேணுகா ஜெயிக்க வேண்டும் என்றும் உட்கார்ந்து பார்த்தார்கள். யாரும் அந்தப் பெண்களைப் பார்த்து 'ஏன் இவனைத் தொந்தரவு செய்கிறார்கள்' என்று கேட்கவில்லை. காரணம் எளிது. கதை அந்த நான்கு பேரின் பக்கம் நின்று சொல்லப்பட்டது. குணசேகரன் கத்தினால் காட்சி சூடாகும், அவர்கள் எதிர்த்துப் பேசினால் கதை நகரும், இரண்டும் நமக்கு வேண்டும். 2023 செப்டம்பரில் மாரிமுத்து இறந்தபோது வில்லனுக்காக இத்தனை வீடுகள் கலங்கியது ஆச்சரியமில்லை.

ஆராய்ச்சியாளர்களும் இதைத் தொட்டிருக்கிறார்கள். பார்வையாளர் ஒவ்வொரு கேரக்டரின் செயலையும் ஒழுக்கத் தராசில் நிறுத்து, அதற்கேற்ப விரும்புகிறார் அல்லது வெறுக்கிறார் என்று டால்ஃப் ஸில்மான் சொல்லிவந்தார். ஆர்தர் ரேனி 2004-ல் அதைத் திருப்பிப் போட்டார்: பல நேரம் பிடித்துப்போவது முதலில் நடந்துவிடுகிறது, பிடித்த ஆள் தப்புச் செய்தால் சமாதானம் கண்டுபிடிக்கிறோம். ரேனி சொல்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.

கதைப்போக்கு பற்றிய சண்டைகளிலும் இதே குழப்பம்தான். 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' கடைசி சீசனில் அரியணைக்காகப் போராடும் டனேரிஸ் நகரத்தைக் கொளுத்தியதும் 'அவள் இப்படிப்பட்டவளே கிடையாது' என்று ஒரே கூச்சல். அந்த சீசனையே திரும்ப எடுக்கச் சொன்ன மனுவில் 10 லட்சத்துக்கும் மேல் கையெழுத்து விழுந்தது. ஆனால் நான்காவது சீசனில் அடிமைகளை வைத்திருந்த 163 எஜமானர்களைச் சிலுவையில் அறைந்தவளும் இவள்தான். அன்றைக்கு நாம் கைதட்டினோம், கதை அவள் பக்கம் இருந்தது. ஆகவே 'இது அவள் குணமில்லை' என்ற வாதம் எடுபடாது.

ஆனால் 'அவசரப்பட்டுவிட்டார்கள்' என்ற புகார் எடுபடும். முதல் ஆறு சீசனும் தலா 10 எபிசோட், ஏழாவது 7, எட்டாவது வெறும் 6. ஒருத்தி உள்ளுக்குள் உடைவதைக் காட்ட வேண்டிய நேரத்தில் கோட்டை இடிவதைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். கோபப்பட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாவது புகாரை மனசில் வைத்துக்கொண்டு முதலாவதைச் சொன்னார்கள் என்பது என் எண்ணம். 'ஹவ் ஐ மெட் யுவர் மதர்' முடிவுக்குக் கிடைத்த வசவும் அந்த வகைதான். ஒரு சீசனில் பெரும்பகுதியை ஒரே கல்யாண வார இறுதிக்குக் கொடுத்துவிட்டு, கடைசி எபிசோடில் அந்தக் கல்யாணத்தைச் சில நிமிடங்களில் விவாகரத்தாக்கினால் யார்தான் பொறுப்பார்கள்? அப்பா சொல்லும் கதையைக் கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளைகள் வரும் முடிவுக் காட்சியை இரண்டாவது சீசன் காலத்திலேயே எடுத்து வைத்துவிட்டதால், நடுவில் கேரக்டர்கள் எங்கெங்கோ வளர்ந்த பிறகும் கதை அந்தப் பழைய இடத்துக்கே திரும்ப வேண்டியிருந்தது.

சரி, இரண்டாவது கேள்வி. பார்வையாளர் சொல்வதைக் கேட்க வேண்டுமா?

போரடிக்கிறது என்று சொன்னால் கேட்க வேண்டும், அதில் பார்வையாளர் தப்பே செய்யமாட்டார். விமான விபத்தில் தப்பித் தீவில் மாட்டிக்கொண்டவர்களின் கதையான 'லாஸ்ட்' மூன்றாவது சீசனில் நிக்கி, பாவ்லோ என்று இரண்டு பேரைத் திடீரென்று நுழைத்தார்கள். அத்தனை நாளும் அதே தீவில்தான் இருந்தார்களாம், நாம்தான் கவனிக்கவில்லையாம்! ஒருவருக்கும் பிடிக்கவில்லை. தயாரிப்பாளர்கள் புரிந்துகொண்டு அதே சீசனில் இருவரையும் உயிரோடு புதைத்துக் கணக்கை முடித்தார்கள். அந்த எபிசோட் உண்மையிலேயே நன்றாக இருக்கும், அந்த ஜோடி வந்ததிலேயே உருப்படியான ஒன்று அதுதான். மாறாக, அதே தொடரில் சில எபிசோடுகளுக்கு மட்டும் என்று வந்த மைக்கேல் எமர்சனின் நடிப்பைப் பார்த்து, அவர் ஏற்ற பென் லைனஸைத் தொடரின் முக்கிய ஆளாக்கினார்கள். 'பிரேக்கிங் பேட்'டிலும் ஜெஸ்ஸியை முதல் சீசனிலேயே சாகடிப்பதாகத்தான் இருந்தது, ஆரோன் பாலின் நடிப்பைப் பார்த்து தொடரை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் மனதை மாற்றிக்கொண்டார்.

ஆனால் 'இவரைத் திரும்பக் கொண்டுவா', 'அவளைக் கொன்றுவிடு' என்று பார்வையாளர் மருந்துச் சீட்டே எழுதிக் கொடுக்கும்போது கொஞ்சம் காதைப் பொத்திக்கொள்வது நல்லது. ஸ்கைலரைத் தூக்குங்கள் என்ற கூட்டத்துக்குப் பணிந்திருந்தால் அந்தப் படுக்கையறைக் காட்சி நமக்குக் கிடைத்திருக்காது. பணிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 'டல்லாஸ்' இருக்கிறது. நடிகர் பாட்ரிக் டஃபி 1985-ல் விலகியதால் பாபி யூயிங்கைக் கதையில் சாகடித்தார்கள். அவர் இல்லாமல் தொடருக்கு மவுசு குறைந்தது, திரும்ப அழைத்தார்கள். செத்தவனை எப்படிக் கொண்டுவருவது? 1986-ல் அவன் மனைவி பாம் ஒருநாள் கண் விழித்துப் பார்த்தால் குளியலறையில் பாபி நிற்கிறான். நடுவில் ஓடிய ஒரு சீசன் முழுவதும் அவள் கண்ட கனவாம். அந்த சீசனில் நடந்த கல்யாணம், சாவு, சண்டை எல்லாமே செல்லாது என்று ஆகிவிட்டது. இதில் வேடிக்கை, 'டல்லாஸ்' தொடரிலிருந்து கிளைத்த 'நாட்ஸ் லேண்டிங்' என்ற தொடர் அதே சமயம் ஓடிக்கொண்டிருந்தது. பாபி செத்ததை வைத்து அவர்களும் ஏற்கெனவே கதை பண்ணிவிட்டார்கள், மாற்ற மறுத்துவிட்டார்கள். அந்தத் தொடரில் பாபி கடைசிவரை செத்தவன்தான்.