ஸ்கேன் செய்துவிட்டால் போதுமா? மின்னணு ஆவணங்களும் சட்டமும்: வாசகர் கேள்வி பதில்

தாமிரபரணிக் கரை ஊர்களிலிருந்தும் அக்கம்பக்கத்திலிருந்தும் வந்த கடிதங்களில், கணினியிலும் செல்பேசியிலும் உள்ள ஆவணங்களை எத்தனை காலம், எவ்வாறு வைத்திருக்க வேண்டும் என்று கேட்டவற்றை மட்டும் பிரித்தெடுத்து இந்த இதழில் விடை தருகிறேன்.

கேள்வி: 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றுத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்து, தாத்தா காலத்துப் பத்திரக் கட்டு முழுவதும் நனைந்துவிட்டது. காயவைத்து, ஒவ்வொரு தாளையும் ஸ்கேன் செய்து ஹார்ட் டிஸ்க்கில் வைத்திருக்கிறேன். தாள்கள் உதிரத் தொடங்கிவிட்டன. மின்னணு ஆவணத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு என்கிறார்களே, இனி அந்தத் தாள்களைக் கழித்துவிடலாமா? (வாசகர், கல்லிடைக்குறிச்சி)

பதில்: தயவுசெய்து கழித்துவிடாதீர்கள். மின்னணு ஆவணத்துக்குச் சட்ட மதிப்பு உண்டு என்பது உண்மைதான். 2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 4ஆம் பிரிவின்படி, எழுத்தில் இருக்க வேண்டும் என்று வேறொரு சட்டம் கேட்கும் செய்தி மின்னணு வடிவில் இருந்து, பின்னாளில் எடுத்துப் பார்க்கவும் கிடைக்குமானால், அந்த நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்படும். ஆனால் உங்கள் தாத்தாவின் பத்திரம் தாளில் பிறந்தது. அதன் ஸ்கேன் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் நகல்தான். நீதிமன்றம் முதலில் மூலத்தைத்தான் கேட்கும். மூலம் தொலைந்தோ அழிந்தோ போனால் நகலைக் காட்டலாம் என்று சாட்சியச் சட்டம் இடம் தருகிறது என்றாலும், அந்த இழப்பு நகலைக் காட்டுபவரின் தவறாலோ கவனக்குறைவாலோ நேர்ந்ததாக இருக்கக் கூடாது என்பதையும் அதே சட்டம் சேர்த்துச் சொல்கிறது. வெள்ளம் கொண்டுபோயிற்று என்றால் அது ஏற்கத்தக்க காரணம். பழைய பேப்பர் கடையில் போட்டுவிட்டேன் என்றால் அது உங்கள் கையாலேயே செய்த காரியம்.

இன்னொரு காரணமும் உண்டு. பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் (அதினியம் என்றால் சட்டம்) 92ஆம் பிரிவு, முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஆவணம் உரிய இடத்திலிருந்து எடுத்து வரப்பட்டால், அதிலுள்ள கையெழுத்தும் சாட்சிக் கையொப்பமும் உரியவர்களுடையவையே என்று நீதிமன்றம் அனுமானித்துக்கொள்ளலாம் என்கிறது. எழுதியவரும் சாட்சிகளும் மறைந்துபோன குடும்பப் பத்திரங்களுக்கு இதைவிடப் பெரிய துணை வேறில்லை. இந்தச் சலுகை மூல ஆவணத்துக்கு உரியது, நகலுக்கு நீளாது. அதையடுத்து வரும் 93ஆம் பிரிவு மின்னணு ஆவணத்துக்கும் இதேபோன்ற சலுகையைத் தருகிறது. ஆனால் அங்கே கேட்கப்படும் வயது ஐந்தே ஆண்டுகள், சலுகையும் அதிலுள்ள மின்னணுக் கையொப்பத்தைப் பற்றியது மட்டுமே. தாளுக்கு முப்பது, மின்னணு ஆவணத்துக்கு ஐந்து என்று சட்டமே வகுத்திருப்பதைப் பார்க்கும்போது, கணினிக் கோப்பின் ஆயுளை அது எவ்வளவு குறைவாக மதிப்பிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

உயில் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் முதல் அட்டவணை உயிலையும் அறக்கட்டளை ஆவணத்தையும் அந்தச் சட்டத்தின் எல்லைக்கு வெளியே நிறுத்தியிருக்கிறது. ஆகவே உயிலை மின்னணு வடிவில் எழுதவும் முடியாது, ஸ்கேன் படத்தை உயிலாகக் கொள்ளவும் முடியாது.

இனிச் செய்ய வேண்டியது இது. கட்டில் உள்ளவற்றைப் பதிவானவை, பதிவாகாதவை என்று பிரியுங்கள். பதிவான கிரயப் பத்திரம், பாகப்பிரிவினை, செட்டில்மென்ட் ஆகியவற்றுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் கேட்டு மனுச் செய்யுங்கள். 1908ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தின் 57ஆம் பிரிவுப்படி, பதிவு அலுவலரின் ஒப்பமும் முத்திரையும் கொண்ட நகல், மூலத்தில் உள்ள வாசகத்தை மெய்ப்பிக்கப் பயன்படும். பதிவாகாத உயில், குடும்ப ஏற்பாட்டுச் சீட்டு, கைச்சீட்டு போன்றவற்றுக்கு அரசிடம் இன்னொரு பிரதி கிடையாது என்பதால் உதிர்ந்த நிலையிலும் அவைதான் உங்கள் சொத்து. நல்ல வெள்ளைத் தாள்களுக்கு இடையே வைத்து, மடிக்காமல், உயரமான இடத்தில் பாதுகாத்து வையுங்கள். கடையில் கொடுத்து லேமினேஷன் செய்ய வேண்டாம். சூட்டில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு பிரிக்க முடியாது, முத்திரையையும் மையையும் ஆராய வேண்டி வந்தால் அதற்கும் வழியிருக்காது. ஸ்கேன் வீணில்லை. அதை நீண்ட காலச் சேமிப்புக்கென்றே வகுக்கப்பட்ட பி.டி.எஃப்-ஏ வடிவத்தில் மாற்றி, ஒரு பிரதியை ஆற்றங்கரையிலிருந்து தள்ளியிருக்கும் உறவினர் வீட்டில் வைத்துவிடுங்கள்.

கேள்வி: டிஜிலாக்கரில் உள்ள மதிப்பெண் சான்றிதழைக் கல்லூரியில் காட்டினால் மூலச் சான்றிதழாக ஏற்க வேண்டுமா? (வாசகி, மேலப்பாளையம்)

பதில்: வழங்கிய நிறுவனமே டிஜிலாக்கர் என்ற அரசின் மின்னணு ஆவணப் பெட்டகத்துக்கு நேரடியாக அனுப்பிய சான்றிதழ் என்றால், 2016ஆம் ஆண்டின் டிஜிட்டல் லாக்கர் விதிகளில் 2017இல் சேர்க்கப்பட்ட 9ஏ விதிப்படி அது மூலத்துக்கு நிகரானது. நீங்களே படம் எடுத்து ஏற்றி வைத்திருந்தால் அதற்கு அந்தத் தகுதி இல்லை. இரண்டும் ஒரே செயலிக்குள் அடுத்தடுத்து இருப்பதால்தான் பலருக்குக் குழப்பம்.

கேள்வி: நான் பாய் வியாபாரி. ஒன்பது ஆண்டுகளாகக் கணக்கைக் கணினியில்தான் எழுதிவருகிறேன். பழைய கணினி பழுதாகிவிட்டது. அதிலிருந்த மென்பொருள் புதிய கணினியில் ஏற மறுக்கிறது. எத்தனை ஆண்டுக் கணக்கு கையில் இருக்க வேண்டும்? (வாசகர், பத்தமடை)

பதில்: ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு கெடு. சரக்கு மற்றும் சேவை வரிச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, ஆண்டு விவர அறிக்கைக்கான கெடு நாளிலிருந்து 72 மாதங்கள் என்கிறது. எடுத்துக்காட்டாக 2021-22ஆம் ஆண்டுக்கான அறிக்கைக்குக் கெடு 2022 டிசம்பர் 31 என்பதால், அந்த ஆண்டுக் கணக்கை 2028 டிசம்பர் 31 வரை வைத்திருக்க வேண்டும். மேல்முறையீடோ விசாரணையோ நிலுவையில் இருந்தால், அது முடிந்து ஓராண்டு வரை அல்லது மேற்சொன்ன 72 மாதங்கள் வரை, இவற்றில் எது பிந்தியதோ அதுவரை. பதிவு பெற்ற கம்பெனியாக இருந்தால் 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் எட்டு நிதியாண்டுகளைக் கேட்கிறது. 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருள், யார் எப்போது எந்தப் பதிவைத் திருத்தினார் என்ற தடத்தை அழிக்க முடியாதபடி வைத்திருக்கவும் வேண்டும். நீங்கள் தனி வியாபாரி என்பதால் இந்தக் கடைசி நிபந்தனை உங்களைத் தொடாது.

ஆண்டுக் கணக்கு எளிது. உங்கள் சிக்கல் வேறு. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, ஆவணத்தை வைத்திருக்க வேண்டும் என்று எந்தச் சட்டம் சொன்னாலும் அதை மின்னணு வடிவில் வைத்திருக்கலாம் என்று அனுமதித்துவிட்டு, மூன்று நிபந்தனைகளை விதிக்கிறது. பின்னர் எடுத்துப் பார்க்கும் நிலையில் அது இருக்க வேண்டும். உருவான அதே வடிவத்திலோ, அதைப் பிசகின்றிக் காட்டுவதாக மெய்ப்பிக்கக்கூடிய வேறொரு வடிவத்திலோ இருக்க வேண்டும். எங்கிருந்து, எங்கே, எந்த நாளில், எந்த நேரத்தில் சென்றது அல்லது வந்தது என்ற விவரம் அதனுடன் இருக்க வேண்டும். முதல் நிபந்தனையிலேயே நீங்கள் தவறியிருக்கிறீர்கள். கோப்பு வட்டில் இருக்கிறது, ஆனால் திறக்கவில்லை என்பது, பேரேடு பெட்டியில் இருக்கிறது, சாவி தொலைந்துவிட்டது என்பதற்குச் சமம். அதிகாரியின் முன் அது விடையாகாது. அந்த மென்பொருளைத் தெரிந்த ஒருவரைக் கொண்டு பழைய வட்டிலிருந்து தரவை எடுத்து, நாளேடு, பேரேடு, கொள்முதல், விற்பனை, இருப்பு ஆகியவற்றை ஆண்டுவாரியாகப் பி.டி.எஃப்பாகவும் விரிதாளாகவும் வெளியே கொண்டுவாருங்கள். பழைய மூலக் கோப்பையும் அழித்துவிடாமல் பக்கத்தில் வையுங்கள், ஏனெனில் புதிய வடிவம் பழையதைப் பிசகின்றிக் காட்டுகிறதா என்ற கேள்வி எழுந்தால் ஒப்பிட்டுப் பார்க்க அது ஒன்றுதான் இருக்கும். இனி ஒவ்வொரு மார்ச் முடிவிலும் இதைச் செய்துவிட்டால், மென்பொருள் மாறினாலும் கவலையில்லை.

கேள்வி: ஒருவருக்குக் கடன் கொடுத்தேன். வாங்கியதை ஒப்புக்கொண்டு அவர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் இருந்தன. போன் பழசாகிவிட்டதால் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, செய்திகளின் ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். வழக்குக்கு இது போதுமா? (வாசகர், வள்ளியூர்)

பதில்: அவசரப்பட்டுவிட்டீர்கள் என்றுதான் சொல்ல வேண்டும். மின்னணுச் சான்றை அச்சிட்டோ பென் டிரைவில் ஏற்றியோ தருபவர் அதனுடன் ஒரு சான்றிதழையும் தர வேண்டும் என்பது, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவிலிருந்து புதிய அதினியத்தின் 63ஆம் பிரிவுக்கு வந்த விதி. 2014இல் அன்வர் எதிர் பஷீர் வழக்கிலும், 2020 ஜூலையில் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கிலும் இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்திருக்கிறது. கருவியின் உரிமையாளரே அந்த மூலக் கருவியைக் கொண்டுவந்து சாட்சி சொன்னால் சான்றிதழ் தேவையில்லை என்று பின்னைய தீர்ப்பு ஒரு வழியைத் திறந்து வைத்தது. போனைக் கைவிட்டதால் அந்த வழி உங்களுக்கு அடைபட்டுவிட்டது.

புதிய சட்டத்தின் படிவம் இரண்டு பகுதிகள் கொண்டது. முதல் பகுதியில் ஆவணத்தைத் தருபவரும், இரண்டாம் பகுதியில் துறை வல்லுநரும் ஒப்பமிட வேண்டும். இரண்டிலும் கோப்பின் ஹேஷ் மதிப்பு குறிக்கப்பட வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் உள்ளடக்கத்தைக் கணித்து எடுக்கும் ஒரு நீண்ட எண்ணெழுத்துச் சரம். ஒரு புள்ளியை மாற்றினாலும் சரம் முற்றிலும் வேறாகிவிடும் என்பதால், அன்று எடுத்த கோப்பும் இன்று காட்டும் கோப்பும் ஒன்றேதானா என்று அதைக்கொண்டு யாரும் சரிபார்க்கலாம். ஸ்கிரீன்ஷாட்டின் ஹேஷ் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேசும். படத்தில் தெரியும் உரையாடல் உண்மையில் நடந்ததா என்பதற்கு அது பொறுப்பேற்காது.

ஆனாலும் நம்பிக்கை இழக்க வேண்டாம். அதே எண்ணில் வாட்ஸ்அப் பேக்கப் இருந்து, புதிய போனில் அது மீண்டிருந்தால், அந்தப் போனை இனி மாற்றாமல், உரையாடலை முழுவதும் ஏற்றுமதி செய்து வையுங்கள். பணம் வங்கி வழியே போயிருந்தால் வங்கிக் கணக்கு விவரத்தை உடனே கேட்டுப் பெறுங்கள். 1891ஆம் ஆண்டின் வங்கிப் பேரேடுகள் சாட்சியச் சட்டப்படி வங்கி சான்றளித்துத் தரும் கணினி அச்சு உங்கள் ஸ்கிரீன்ஷாட்டைவிடப் பல மடங்கு வலுவானது. வங்கிகளும் பதிவேடுகளை நிரந்தரமாக வைத்திருப்பதில்லை. 1985ஆம் ஆண்டு விதிகள் சிலவற்றுக்கு ஐந்து, சிலவற்றுக்கு எட்டு ஆண்டுகள் என்றுதான் வகுத்திருக்கின்றன. கடனை வசூலிக்கும் வழக்குக்குப் பொதுவாக மூன்றாண்டுக் காலவரம்பு இருப்பதால், தேதிகளுடன் ஒரு வழக்கறிஞரை இந்த மாதமே பார்த்துவிடுங்கள்.

கேள்வி: டியூஷன் சென்டர் நடத்துகிறேன். பத்து ஆண்டு மாணவர்களின் ஆதார் நகல்கள் கணினியில் உள்ளன. எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருப்பது நல்லதுதானே? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: நல்லதில்லை. இதுவரை வந்த கடிதங்களில் எல்லாம் வைத்திருங்கள் என்றேன். இங்கே அழியுங்கள் என்பேன். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வருகிறது. எந்த நோக்கத்துக்காகத் தரவு வாங்கப்பட்டதோ அது முடிந்ததும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொன்னாலொழிய, அதை அழித்துவிட வேண்டும் என்பது அதன் விதி. படித்து முடித்துப் போன பிள்ளைகளின் ஆதார் நகலால் உங்களுக்கு ஆவது ஒன்றுமில்லை, ஆபத்து மட்டுமே உண்டு. கட்டண ரசீதுகளை வரிச் சட்டங்கள் கேட்கும் காலம் வரை வைத்திருங்கள்.

கேள்வி: 2019இல் எங்கள் மாவட்டம் திருநெல்வேலியிலிருந்து பிரிந்தது. அலுவலகங்கள் மாறும்போது கணினியில் உள்ள பழைய பதிவுகளை அரசு காப்பாற்ற வேண்டும் என்று ஏதாவது சட்டம் உண்டா? (வாசகர், தென்காசி)

பதில்: மத்திய அரசுக்கு உண்டு. 1993ஆம் ஆண்டின் பொது ஆவணங்கள் சட்டம், கணினி உருவாக்கிய பொருளையும் ஆவணம் என்றே கொள்கிறது. விதிகளை மீறி ஆவணத்தை அழித்தால் ஐந்தாண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1892ஆம் ஆண்டுக்கு முந்தைய ஆவணம், பயன்படுத்தவே முடியாதபடி சிதைந்திருந்தாலன்றி அழிக்கப்படக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் மத்திய அரசுக்கும், யூனியன் பிரதேசங்களுக்கும், அவற்றைச் சார்ந்த நிறுவனங்களுக்கும் உரியது. மாநில அரசின் தாலுகா அலுவலகத்தை அது கட்டுப்படுத்தாது. மாநிலத்தின் வருவாய் அலுவலகப் பதிவுகளையும் நீதிமன்றப் பதிவுகளையும் தொடும் பழைய மத்தியச் சட்டம் ஒன்று 1917இல் வந்தது; அதன் பெயரே ஆவணங்களை அழித்தல் சட்டம். காப்பதற்குச் சட்டம் வருமுன்பே அழிப்பதற்குச் சட்டம் வந்துவிட்டது! நம் சீமைக் கோயில்களில் நிலக்கொடையைச் சந்திர சூரியர் உள்ள வரை என்று கல்லில் வெட்டி வைத்தவர்கள் இதைக் கேட்டால் என்ன சொல்வார்களோ.

பத்திரப் பதிவைப் பொறுத்தவரை, 2001ஆம் ஆண்டுத் திருத்தம் பதிவுச் சட்டத்தில் 16ஏ பிரிவைச் சேர்த்து, பதிவுப் புத்தகங்களைக் கணினி ஃப்ளாப்பியிலோ டிஸ்கெட்டிலோ வேறெந்த மின்னணு வடிவிலோ வைத்துக்கொள்ளலாம் என்றது. ஃப்ளாப்பி இன்று கண்காட்சிப் பொருளாகிவிட்டது. சட்டத்தின் வாசகத்தில் மட்டும் அது இன்னும் இருக்கிறது. நல்லவேளையாக, வேறெந்த மின்னணு வடிவிலோ என்ற சொற்களையும் எழுதியவர்கள் சேர்த்துவிட்டதால் இன்றைய சர்வர்களுக்கும் அந்தப் பிரிவு பொருந்துகிறது. இந்த மின்னணுப் புத்தகத்திலிருந்து சார்பதிவாளர் ஒப்பமும் முத்திரையும் இட்டுத் தரும் நகலுக்கும், தாள் புத்தகத்திலிருந்து தரும் நகலுக்கும் சட்டத்தில் ஒரே மதிப்புதான். கையால் எழுதிய பழைய பதிவுகளைக் கணினியில் ஏற்றும்போது சர்வே எண்ணும் பெயரும் பிழைபட்டிருக்க வாய்ப்புண்டு. எனவே உங்கள் நிலத்துக்கு இப்போதே ஒரு வில்லங்கச் சான்று எடுத்து, மூலப் பத்திரத்துடன் வரி வரியாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால், மூலம் கையில் இருக்கும்போதே திருத்தக் கோரிச் சார்பதிவாளரிடம் எழுத்தில் மனுக் கொடுத்து, அதற்கு ஒப்புகைச் சீட்டும் பெற்றுக்கொள்ளுங்கள்.