ரீசெட் செய்தும் 12-க்கு வராத முள்

கேள்வி: கார்டு போட்டிகளில் சுற்று நேரம் பார்க்க, ஏற்கெனவே பயன்படுத்திய டூ-டோன் (தங்கம், வெள்ளி என இரு நிற) குவார்ட்ஸ் குரோனோகிராஃப், அதாவது ஸ்டாப்வாட்ச் உள்ள பேட்டரி கைக்கடிகாரம், ஒன்று வாங்கினேன். பேட்டரி மாற்றியதிலிருந்து, ரீசெட் செய்தால் நடுவிலுள்ள நீள முள் 12-ல் நிற்காமல் இரண்டு விநாடி தள்ளி நிற்கிறது. செயின் கொக்கியில் தங்க நிறம் போய் வெள்ளை தெரிகிறது. பாலிஷ் போடலாமா?

பதில்: முள்ளை அநேகமாக நீங்களே சரிசெய்துவிடலாம். பாலிஷ் மட்டும் வேண்டாம்.

ரீசெட் பட்டனை அழுத்தும்போது முள் எப்படி வருகிறது என்று பாருங்கள். சரசரவென்று ஓடி வந்து நின்றால், அதை நகர்த்துவது மோட்டார். பூஜ்யத்திலிருந்து எத்தனை அடி (மோட்டாரின் சிறு நகர்வு) நகர்ந்தோம் என்ற கணக்கு மட்டுமே சர்க்யூட்டில் இருக்கும். முள் நிஜமாக எங்கே நிற்கிறது என்று அதற்குத் தெரியாது. பேட்டரியைக் கழற்றினால் கணக்கு அழிந்துவிடும். முள் நின்ற இடமே புதுப் பூஜ்யம் ஆகிவிடும்.

சரிசெய்ய, குரோனோகிராஃபை நிறுத்தி ரீசெட் செய்துவிட்டு, கிரவுனை (நேரம் திருத்தும் பக்கவாட்டுக் குமிழ்) கடைசிப் படி வரை இழுங்கள். தேதி உள்ள வாட்ச்களில் அது இரண்டாவது படி. மேல் பட்டனை ஒருமுறை தட்டினால் முள் ஓர் அடி நகரும். சில மாடல்களில் அந்த வேலையைக் கீழ் பட்டன் செய்யும். அழுத்திப் பிடித்தால் வேகமாக ஓடும். முள் பின்னால் வராது என்பதால் உங்களுடையது கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று போயாக வேண்டும். 55-ஐத் தாண்டியதும் விரலை எடுத்துவிட்டு ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். 12-ஐத் தவறவிட்டால் மறுபடி முழுச் சுற்றுதான். பிறகு நேரத்தைத் திருத்தி, கிரவுனை அழுத்திவிட்டு, ஒருமுறை ஓடவிட்டு ரீசெட் செய்து பாருங்கள்.

ஓடி வராமல் கண்ணிமைக்கும் நேரத்தில் முள் 'டக்'கென்று திரும்பினால் கதை வேறு. அதை ஒரு சுத்தியல் நெம்புதான் தட்டித் திருப்புகிறது. முள் தன் தண்டில் வழுக்கியிருக்கும். மேலே சொன்ன முறை பலிக்காது. வாட்ச் ரிப்பேர் செய்பவர் முள்ளைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.

கொக்கியில் தேய்ந்து வெள்ளை தெரிகிறது என்றாலே அது கெட்டித் தங்கமல்ல, ஸ்டீல் மேல் முலாம். பல வாட்ச்களில் அந்த முலாம் சில மைக்ரான்தான். பஃப் சக்கரத்தில் (பாலிஷ் போடும் துணிச் சக்கரம்) வைத்தால் மிச்சமும் போகும். பற்பசை, பேக்கிங் சோடாவும் அரம் மாதிரிதான். வெதுவெதுப்பான நீர், இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், மென்மையான பிரஷ் போதும். தண்ணீர்க் காப்பு பற்றிச் சந்தேகம் இருந்தால் செயினைக் கழற்றிக் கழுவுங்கள். மறுமுலாம் பூசினால் பழைய மஞ்சளோடு நிறம் ஒத்துப்போவது அபூர்வம். கொக்கியை மட்டும் மாற்றுவதே என் தேர்வு.

நேரம் பார்ப்பதில் ஒரு பொறி உண்டு. 'மேஜிக்: த கேதரிங்' என்ற கார்டு விளையாட்டின் போட்டிகளில், மூன்று ஆட்டங்களில் இரண்டு வெல்லும் சுற்றுக்கு வழக்கமாக 50 நிமிடம். உங்கள் குரோனோகிராஃபின் சின்ன நிமிட டயல் 30 வரைதான் என்றால் 20-ம் நிமிடத்திலும் 50-லும் முள் ஒரே இடத்தில் நிற்கும். 60 வரை எண்ணும் டயலில் அந்தக் குழப்பம் இல்லை. சுற்று முடிந்ததும் நிறுத்திவிடுங்கள், ஓடிக்கொண்டே இருந்தால் பேட்டரி சீக்கிரம் தீரும். கார்டு கலைக்கும்போது வாட்ச்சைக் கழற்றிவிடுவது நல்லது: கொக்கியின் முனை கார்டின் ஸ்லீவில் (பிளாஸ்டிக் உறை) கீறினால் அது 'மார்க்டு கார்டு', அதாவது முகம் பார்க்காமலே அடையாளம் தெரியும் கார்டு, ஆகிவிடும், அதற்கு நடுவரின் எச்சரிக்கை உண்டு.