கணவருக்கு டிட்ராய்ட்டில் வேலை, பிள்ளைகளுக்கு வின்ட்சரில் வீடு

கேள்வி: கனடாவின் நிரந்தர வதிவாளரான நான், 4, 9 வயதுப் பிள்ளைகள் இருவருடன் வின்ட்சரில் வசிக்கிறேன். அமெரிக்கக் குடிமகனான என் கணவர் டிட்ராய்ட்டில் வாடகை வீட்டில் தங்கி வேலை செய்கிறார். வார இறுதிகளில் இங்கே வந்து போகிறார். பிள்ளைகள் கனடாவில் பிறந்தவர்கள். கனடா குழந்தை நலக் கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்கும்போது, ‘பிரிந்து வாழ்பவர்’ என்று குறித்தால் அதிகப் பணம் கிடைக்கும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். அது சரியா? அமெரிக்காவிலும் பிள்ளைகளுக்கான வரிச்சலுகையைக் கோரலாமா?

பதில்: அந்த யோசனையை முதலில் கைவிடுங்கள். உறவு முறிந்ததன் காரணமாக 90 நாட்களுக்குக் குறையாமல் தனித்தனியாக வாழ்பவர்களையே கனடா வருவாய் முகமை பிரிந்தவர்களாக ஏற்கிறது. வேலைக்காக இரண்டு நாடுகளில் தங்கியிருக்கும் தம்பதியர், எத்தனை ஆண்டுகள் அப்படி இருந்தாலும், மணமானவர்களே. தவறாகக் குறித்துப் பெற்ற பணத்தைப் பின்னொரு நாளில் மொத்தமாகத் திருப்பிக் கேட்பார்கள். அதைக் கட்டுவது மாதாமாதம் வாங்கியதைப்போல் எளிதாக இராது.

கணவர் எல்லைக்கு அப்பால் இருப்பதால் உங்கள் தகுதி போய்விடாது. நீங்கள் கனடாவில் வதிபவர், பிள்ளைகள் உங்களுடன் வசிக்கிறார்கள், அவர்களைப் பராமரிக்கும் முதன்மைப் பொறுப்பும் உங்களுடையது. ஆகவே ஆர்சி66 படிவத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். ஆனால் தொகையைக் கணக்கிடும்போது, கனடாவில் வரி கட்டாதவர் என்றாலும் கணவரின் உலகளாவிய வருமானம் கனடிய டொலரில் உங்கள் வருமானத்துடன் கூட்டப்படும். அவர் வதியாதவராக இருக்கும் ஒவ்வோர் ஆண்டுக்கும் அந்த வருமானத்தை சிடிபி9 படிவத்தில் தெரிவிக்க வேண்டும். நீங்களும், வருமானமே இல்லாவிட்டாலும், ஆண்டுதோறும் வரி அறிக்கை தாக்கல் செய்தாக வேண்டும். 2025 ஜூலை முதல் 2026 ஜூன் வரையான காலத்துக்கு, ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஆண்டுக்கு அதிகபட்சம் 7,997 டொலரும், 6 முதல் 17 வயது வரையான பிள்ளைக்கு 6,748 டொலரும் வழங்கப்படுகின்றன. குடும்ப வருமானம் 37,487 டொலரைத் தாண்டினால் தொகை படிப்படியாகக் குறையும்.

இதில் நீங்கள் கேட்காத ஒரு கேள்வியும் இருக்கிறது: உங்கள் கணவர் உண்மையிலேயே ‘வதியாதவர்’தானா? மனைவியும் பிள்ளைகளும் வீடும் கனடாவில் இருப்பதால் அவரையும் இங்கே வதிபவராகக் கருத இடமுண்டு. அப்போது இரு நாட்டு வரி ஒப்பந்தப்படி நிரந்தர இருப்பிடம், வாழ்வின் முக்கியத் தொடர்புகள் இருக்கும் நாடு, வழக்கமாகத் தங்கும் இடம், குடியுரிமை என்ற வரிசையில் பார்த்து முடிவு செய்வார்கள். இது கொடுப்பனவைவிடப் பெரிய விடயம். இரு நாட்டு வரியும் அறிந்த கணக்காளரிடம் இதற்காகவேனும் செல்லுங்கள்.

அமெரிக்கச் சலுகை 2025 வரியாண்டுக்குப் பிள்ளை ஒன்றுக்கு 2,200 அமெரிக்க டொலர் வரை. பிள்ளைகள் அமெரிக்கக் குடிமக்களாகவும், வேலை செய்ய அனுமதிக்கும் சமூகப் பாதுகாப்பு எண் உள்ளவர்களாகவும் இருக்க வேண்டும். பிள்ளை பிறக்குமுன் உங்கள் கணவர் குறைந்தது ஐந்து ஆண்டுகள், அவற்றில் இரண்டு ஆண்டுகளேனும் 14 வயதுக்குப் பின், அமெரிக்காவில் வாழ்ந்திருந்தால், திருமணத்தில் பிறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை பிறப்பிலேயே வந்திருக்கும். அதைத் தூதரகத்தில் பதிவு செய்த பின் எண்ணுக்கு விண்ணப்பிக்கலாம்.

சிக்கல் இன்னொன்றில்தான். வரி கட்டுபவருடன் பிள்ளை ஆண்டில் பாதிக்கு மேல் வசித்திருக்க வேண்டும் என்பது விதி. வார இறுதிகள் அதற்குப் போதா. உங்களையும் அமெரிக்க வதிவாளராகக் கருதும்படி தெரிவு செய்து இருவரும் கூட்டாகத் தாக்கல் செய்தால், பிள்ளைகள் உங்களுடன் வசிப்பதே போதுமானதாகும். ஆனால் அதன்பின் உங்கள் கனடா வருமானம் முழுவதும் அமெரிக்க அறிக்கையில் இடம்பெறும். அத்தெரிவு அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடரும். ஒருமுறை விலக்கிக்கொண்டால் இருவரும் மறுபடி அதைச் செய்ய முடியாது. உங்கள் வருமானம் சொற்பமானால் அது பெரிதாகப் பாதிக்காது. கணிசமானதென்றால், கிடைக்கும் சலுகையையும் கூடும் வரியையும் எழுதிப் பார்த்த பிறகே கையொப்பமிடுங்கள்.