ஸ்டோமா, புண் பராமரிப்பு நர்ஸ் வேலை: ஒரு தாயின் கவலைக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் மகள் நர்சிங் பட்டப்படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறாள். அறுவைசிகிச்சை வார்டில் பயிற்சி எடுத்தபோது ஸ்டோமா நர்ஸ் ஒருவரின் வேலையை அருகிலிருந்து பார்த்திருக்கிறாள். அதுதான் தன் வழி என்று வீட்டில் சொல்லிவிட்டாள். "ஐசியூ, ஆபரேஷன் தியேட்டர் என்று எத்தனையோ இருக்க, மலப்பையும் சீழும் துடைக்கவா இவ்வளவு படிக்க வைத்தோம்?" என்று எழுதியிருக்கிறீர்கள். பெற்ற மனம் இப்படிக் கேட்பதில் தவறில்லை. ஆனால் துடைப்பது இந்த வேலையின் மிகச் சிறிய பகுதி. மீதியைத் தெரிந்துகொண்ட பிறகு முடிவு செய்யுங்கள்.

பெருங்குடல் புற்றுநோய், குடல் அழற்சி, விபத்துக் காயம் போன்ற காரணங்களால் சிலருக்கு இயல்பான வழியில் மலமோ சிறுநீரோ வெளியேற முடியாமல் போகிறது. அப்போது குடலின் ஒரு முனையை வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவந்து தைக்கிறார்கள். அந்தத் திறப்புதான் ஸ்டோமா. வெளியேறுவதைச் சேகரிக்க அதன்மேல் ஒரு பையை ஒட்டுவார்கள். பெருங்குடலில் அமைத்தால் கொலோஸ்டமி, சிறுகுடலின் கடைசிப் பகுதியில் அமைத்தால் இலியோஸ்டமி, சிறுநீருக்காக என்றால் யூரோஸ்டமி. சிலருக்குச் சில மாதங்கள் மட்டும், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் இது தேவைப்படும். திறப்பை அமைப்பது அறுவைசிகிச்சை நிபுணர். அதோடு வாழக் கற்றுக்கொடுப்பது நர்ஸ்.

அவருடைய வேலை அறுவைசிகிச்சைக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. நோயாளியைப் படுக்க வைத்துப் பார்ப்பார், உட்காரச் சொல்வார், எழுந்து நிற்கச் சொல்வார், குனியச் சொல்வார். ஒவ்வொரு நிலையிலும் வயிற்றில் மடிப்பு எங்கே விழுகிறது, பழைய தழும்பு எங்கே இருக்கிறது, இடுப்பு பெல்ட் எங்கே உரசுகிறது, எந்த இடத்தை நோயாளி தன் கண்ணால் பார்க்க முடிகிறது என்று கவனிப்பார். பிறகு, வயிற்றின் நேர்த்தசை இருக்கும் பகுதிக்குள் பேனாவால் ஓர் அடையாளம் வைப்பார். படுத்த நிலையில் மட்டும் பார்த்து அடையாளம் வைத்தால், நோயாளி உட்கார்ந்ததும் ஸ்டோமா ஒரு மடிப்புக்குள் போய்விடலாம். மடிப்பில் பை சரியாக ஒட்டாது, கசியும். இலியோஸ்டமியிலிருந்து வருவதில் செரிமான நொதிகள் இருப்பதால் கசிந்த இடத்துத் தோல் புண்ணாகும், புண்ணான தோலில் பை இன்னும் ஒட்டாது. வெளியே போகவே பயந்து வீட்டுக்குள் முடங்கிவிடுகிறவர்கள் பலருக்குத் தொல்லை தொடங்கிய இடம் இதுதான். அந்தப் பேனா அடையாளத்துக்கு அவ்வளவு மதிப்பு இருக்கிறது, அம்மா.

அறுவைசிகிச்சைக்குப் பிறகு ஸ்டோமாவின் நிறத்தைப் பார்க்க வேண்டும். வாயின் உட்புறம் போலச் சிவந்து ஈரமாக இருந்தால் ரத்த ஓட்டம் நன்றாக இருக்கிறது என்று பொருள். ஊதாவாகவோ கருப்பாகவோ மாறினால் உடனே நிபுணரை அழைக்க வேண்டும். ஸ்டோமாவில் வலி உணரும் நரம்புகள் இல்லாததால், வலிக்கிறது என்று நோயாளி சொல்லும்வரை காத்திருக்க முடியாது. நர்ஸின் கண்தான் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். முதல் 6 முதல் 8 வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா சுருங்கும், அதற்கேற்ப அளவெடுத்துப் பையின் துளையை மாற்றி வெட்டிக்கொண்டே வர வேண்டும். இதையெல்லாம் செய்தபடியே, தன் வயிற்றைப் பார்க்கவே மறுத்து முகத்தைத் திருப்பிக்கொள்ளும் மனிதரிடம் பேச வேண்டும். முதல் நாள் அவர் பார்த்தாலே போதும். அடுத்த நாள் பையின் முனையைத் திறந்து காலி செய்வார். மூன்றில் ஒரு பங்கு நிரம்பியதுமே காலி செய்யப் பழகிக்கொள்வார். வீட்டுக்குப் போகும்போது தானே பையை மாற்றத் தெரிந்திருப்பார். இவ்வளவு நெருக்கமாக நோயாளியின் முன்னேற்றத்தைக் காணும் வாய்ப்பு நர்சிங்கில் எல்லாப் பிரிவிலும் கிடைப்பதில்லை.

புண் பராமரிப்பு இதைவிடப் பரந்தது. படுக்கைப் புண், நீரிழிவுப் பாதப்புண், ரத்தநாளக் கோளாறால் காலில் வரும் புண், அறுவைசிகிச்சைக்குப் பின் பிரிந்துபோன தையல் எல்லாம் இதில் வரும். புண்ணைக் காற்றாட விட்டுக் காயவைத்தால்தான் ஆறும் என்று வெகுகாலம் நம்பினார்கள். 1962-இல் ஜார்ஜ் வின்டர் பன்றிகளின் தோலில் செய்த ஆய்வு, ஈரப்பதம் காக்கப்பட்ட புண்ணில் புதுத்தோல் விரைவாக மூடுவதைக் காட்டியது. இன்றைய டிரெஸ்ஸிங் வகைகளுக்கு வழி திறந்தது அந்த ஆய்வு. படுக்கைப் புண் யாருக்கு வரக்கூடும் என்பதை முன்கூட்டியே கணிக்க உலகெங்கும் பயன்படும் பிரேடன் அளவுகோலை 1987-இல் வெளியிட்டவர்கள் பார்பரா பிரேடன், நான்சி பெர்க்ஸ்ட்ராம் என்ற இரு நர்ஸ்கள். உணர்வு, ஈரம், நடமாட்டம், உடலை அசைக்கும் திறன், உணவு, உராய்வு ஆகிய ஆறையும் மதிப்பிட்டு 6 முதல் 23 வரை மதிப்பெண் போடுவார்கள், குறையக் குறைய ஆபத்து அதிகம்.

இதில் அறிவுக்கு எவ்வளவு வேலை என்பதற்கு ஓர் உதாரணம் போதும். காலில் ஆறாத புண்ணோடு ஒருவர் வருகிறார். சிரை ரத்தம் தேங்கியதால் வந்த புண் என்றால் இறுக்கமான கட்டுதான் மருந்து. தமனி அடைப்பால் வந்த புண்ணாக இருந்தால் அதே கட்டு ரத்த ஓட்டத்தை இன்னும் குறைத்து, காலையே இழக்க வைக்கலாம். அதனால் கட்டுப் போடும் முன் கணுக்காலிலும் கையிலும் ரத்த அழுத்தம் அளந்து ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். வார்டில் எல்லோரும் புண்ணைப் பார்ப்பார்கள், பயிற்சி பெற்றவர்தான் அந்தப் புண்ணின் காரணத்தைத் தேடுவார்.

இந்தத் துறை பிறந்த விதத்தையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும். இதைத் தொடங்கியவர்களில் ஒருவரான நார்மா கில் நர்ஸே அல்ல. கடுமையான குடல் அழற்சியால் தானே இலியோஸ்டமியோடு வாழ்ந்தவர். அமெரிக்காவின் கிளீவ்லேண்ட் கிளினிக்கில் ரூபர்ட் டர்ன்புல் என்ற அறுவைசிகிச்சை நிபுணர், மற்ற நோயாளிகளுக்கு உதவ 1958-இல் அவரை வேலைக்கு அமர்த்தினார். 1961-இல் இருவரும் அங்கேயே பயிற்சிப் பள்ளி தொடங்கினார்கள். 1978-இல் ஸ்டோமா சிகிச்சையாளர்களுக்கான உலக அமைப்பு உருவானபோது நார்மா கில்தான் முதல் தலைவர். தங்கைக்கு ஸ்டோமா வைத்த பிறகு அவள் படும் பாட்டைப் பார்த்து, உடலில் ஒட்டிக்கொள்ளும், பயன்படுத்தியதும் எறிந்துவிடக்கூடிய பையை 1954-இல் யோசித்தவர் எலீஸ் சோரன்சன் என்ற டென்மார்க் நர்ஸ். உங்கள் மகள் சேர விரும்புவது இவர்களின் வரிசையில்.

இனி வேலை வாய்ப்பு. படிப்பு முடிந்த கையோடு சிறப்புப் பயிற்சிக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. முதலில் பதிவு பெற்ற நர்ஸாக அறுவைசிகிச்சை வார்டிலோ பொது மருத்துவ வார்டிலோ ஓரிரு ஆண்டுகள் வேலை பார்க்கட்டும். காய்ச்சல், நீர்ச்சத்து இழப்பு, சர்க்கரை ஏற்ற இறக்கம் ஆகியவற்றைக் கண்டவுடன் புரிந்துகொள்ளும் பழக்கம் அங்கேதான் வரும். இலியோஸ்டமி நோயாளிக்கு நீர்ச்சத்து வேகமாகக் குறையும், அதைக் கவனிக்கத் தவறினால் பை மாற்றும் திறமை காப்பாற்றாது. அதன் பிறகு, அந்த உலக அமைப்பின் அங்கீகாரம் பெற்ற பயிற்சியாகப் பார்த்துச் சேரலாம். அமெரிக்காவில் சான்றிதழ் வேண்டுமென்றால் பட்டப்படிப்பும் நர்ஸ் உரிமமும் அவசியம். புண், ஸ்டோமா, சிறுநீர்-மலக் கட்டுப்பாடு மூன்றுக்கும் தனித்தனிச் சான்றிதழ் உண்டு, 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மருத்துவமனை, புறநோயாளிப் பிரிவு, வீட்டுக்குச் சென்று பார்க்கும் சேவை, கற்பித்தல், பை மற்றும் டிரெஸ்ஸிங் தயாரிக்கும் நிறுவனங்கள் எனப் பல இடங்களில் வேலை இருக்கிறது. ஆனால் சிறிய மருத்துவமனைகளில் தனிப் பதவி இல்லாமல், வார்டு வேலையோடு சேர்த்து இதையும் சுமக்கச் சொல்வதுண்டு. வேலைக்குச் சேரும்முன் தனிப் பதவியா, சம்பளத்தில் வித்தியாசம் உண்டா, பயிற்சிச் செலவு யாருடையது என்று அவள் கூச்சப்படாமல் கேட்க வேண்டும்.

மனம் சோர்ந்துபோகாதா என்று கேட்டிருந்தீர்கள். சில நாள் சோரும். ஆறாத புண்கள் உண்டு. தோலைத் துளைத்து வெளிவரும் புற்றுப் புண்ணில், ஆற்றுவதை விட்டு, நாற்றத்தைக் குறைத்து நோயாளியின் அருகில் உறவினர் உட்கார வழிசெய்வதே இலக்காகிவிடும். நோயாளிகளைத் திருப்பிப் படுக்கவைத்து முதுகு வலிக்கும். அருவருப்பைப் பற்றி மட்டும் நான் கவலைப்படவில்லை, அது பழகினால் குறைந்துவிடும். பொறுமையில்லாதவர்களுக்குத்தான் இந்த வேலை ஒத்துவராது. அதனால் அவளிடம் ஒன்று கேளுங்கள்: "அந்த நர்ஸிடம் உனக்கு என்ன பிடித்தது?" எல்லோரும் அவரை மதிக்கிறார்கள் என்று மட்டும் சொன்னால், இன்னும் கொஞ்ச நாள் அவரோடு இருந்து பார்க்கச் சொல்லுங்கள். அவர் நோயாளியிடம் எப்படிப் பேசினார், பையை எப்படி ஒட்டினார், எதைக் கவனித்தார் என்று உங்களுக்கு விவரிக்கத் தொடங்கினால், தடுக்காதீர்கள்.

நோய்த்தொற்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுவாளோ என்ற பயம் பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். கையுறை, கை கழுவுதல், தேவைப்படும்போது முகக்கவசம், மேலங்கி என்ற விதிகளை ஒழுங்காகப் பின்பற்றினால் மற்ற வார்டுகளைவிட இங்கே ஆபத்து அதிகமில்லை. ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியை முழுமையாகப் போட்டுக்கொண்டாளா, கடைசி ஊசிக்கு ஒன்று இரண்டு மாதங்களுக்குப் பிறகு எதிர்ப்பாற்றல் பரிசோதனை செய்தாளா என்று இன்றே கேளுங்கள். செய்யவில்லை என்றால் இந்த வாரமே கல்லூரியில் விசாரிக்கச் சொல்லுங்கள்.