உடம்பு சரியில்லாமல் இருப்பதில் மனதுக்கு ஏதாவது லாபம் உண்டா? அதனால் குணமாவது தள்ளிப்போகுமா?

உண்டு, தள்ளியும் போகலாம். உளவியலில் இதை 'இரண்டாம் நிலை ஆதாயம்' என்பார்கள். சிக்மண்ட் பிராய்டு காலத்திலிருந்தே பேசப்படும் விஷயம். இது நடிப்பு இல்லை. வலி நிஜம். அதோடு ஒட்டிக்கொண்டு வரும் சலுகைகள்தான் பெரும்பாலும் நோயாளிக்கே தெரிவதில்லை.

மாம்பலத்தில் என் பெரியம்மாவுக்கு முதுகுவலி வந்தது. அதுவரை வேளச்சேரியிலிருந்து மாதம் ஒருமுறை எட்டிப்பார்த்த மகன், தினமும் ஆபீஸ் முடிந்ததும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். ரசம் சாதம் படுக்கைக்கே வந்தது. நாற்பது வருடம் விடியற்காலையில் எழுந்து அடுப்படியில் நின்றவரிடம், முதல்முறையாக யாரும் "காபி ஆச்சா?" என்று கேட்கவில்லை. பிசியோதெரபி பயிற்சியை மட்டும் ஏனோ மறந்துகொண்டே இருந்தார். நானாக இருந்தாலும் மறந்திருப்பேன்!

1951-ல் டால்காட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் சொன்னார்: நோயாளிக்கு வழக்கமான வேலைகளிலிருந்து விலக்கு உண்டு, ஆனால் குணமாக முயல வேண்டிய கடமையும் உண்டு. முதலாவது இனித்து இரண்டாவது கசந்தால் படுக்கை நீளும். அசையாமல் கிடந்தால் தசை தளரும், முதுகு இறுகும், வலி மிஞ்சும்.

சரி, என்ன செய்வது? சலுகையைப் பிடுங்கினால் மனக்கசப்புதான் மிச்சம். வலிக்கும்போது மட்டும் ஓடிவராமல், நடக்கும்போதும் கூட இருக்க வேண்டும். அந்த மகன் இப்போது வந்ததும் உட்காருவதில்லை. அம்மாவைப் பனகல் பார்க்குக்கு அழைத்துப் போகிறான். காலைக் காபி பெரியப்பா கையால். கொஞ்சம் தண்ணியாகத்தான் இருக்கிறதாம்.