நேர்முகமும் முதல் வேலையும்: கேட்டவர்களுக்குப் பதில்

யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலுமாக 19 வருடம் தனியார் நிறுவனங்களின் ஆளணிப் பிரிவில் வேலை செய்தேன். நேர்முகத்தில் கேள்வி கேட்கிற கதிரையில் இருந்தவள். வந்த கேள்விகளில் பலருக்கும் உதவக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கோண்டாவில் தங்கை: அக்கா, "உங்களைப் பற்றிச் சொல்லுங்கோ" என்றால் பெயர், ஊர், படித்த பள்ளிக்கூடம் சொன்னதும் வாயடைத்துப் போகிறேன். மூன்று நேர்முகம் இப்படியே போய்விட்டது.

பெயரும் ஊரும் அவர்கள் கையிலுள்ள விண்ணப்பத்திலேயே இருக்கிறது, தங்கச்சி. நீங்கள் செய்து முடித்த ஒரு வேலையைச் சொல்லுங்கள்.

ஒருமுறை கணக்கு எழுதும் வேலைக்கு ஒரு பிள்ளை வந்தாள். கேட்டதற்கெல்லாம் "ஓம் மிஸ்", "இல்லை மிஸ்" மட்டும்தான். எழும்பிப் போகிற நேரத்தில் அவளுடைய கோப்பில் ஒரு கடிதம் கண்ணில் பட்டது. ஊர்ச் சனசமூக நிலையத்தில் மூன்று வருடம் பொருளாளராக இருந்திருக்கிறாள். சந்தா சேர்ப்பது, பற்றுச்சீட்டு எழுதுவது, காசை வங்கியில் போடுவது, பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை வாசிப்பது எல்லாம் அவள்தான். நாங்கள் தேடியதே அப்படி ஓர் ஆளைத்தான்! ஏன் பிள்ளை முதலே சொல்லவில்லை என்று கேட்டேன். "அது சம்பளம் இல்லாத வேலைதானே மிஸ். சொன்னால் பெருமையடிக்கிறது மாதிரி இருக்கும்" என்றாள்.

எங்கள் வீடுகளில் பிள்ளைகளை அப்படித்தான் வளர்க்கிறோம். பெரியவர்கள் முன்னால் பேசாமல் இருந்தால் நல்ல பிள்ளை. நேர்முகத்திலோ, பேசாமல் இருந்தால் ஒன்றும் தெரியாத பிள்ளை என்றுதான் புள்ளி போடுவார்கள். செய்ததைச் செய்தேன் என்று சொல்வது பெருமையடிப்பது இல்லை. கோயில் அன்னதானத்துக்குக் கணக்குப் பார்த்ததும், அப்பாவின் கடையில் சாமான் இருப்பு எடுத்ததும் அனுபவம்தான். என்ன வேலை, எங்கே சிக்கல் வந்தது, எப்படிச் சமாளித்தீர்கள் என்று இரண்டு நிமிடத்துக்குள் வீட்டில் யாருக்காவது வாய்விட்டுச் சொல்லிப் பழகுங்கள். பாடமாக்க வேண்டாம். பாடமாக்கினது கேட்ட உடனே தெரிந்துவிடும்.

சாவகச்சேரித் தம்பி: ஆங்கிலத்தில் கேட்டு எனக்கு விளங்காவிட்டால்?

இன்னொருக்கால் சொல்லும்படி கேளுங்கள். விளங்காமலே தலையாட்டிவிட்டு வேறு எதையோ சொல்வதுதான் பிழை. தெரிந்த அளவுக்கு ஆங்கிலத்தில் தொடங்கி, தமிழில் தொடரலாமா என்று அனுமதி கேட்கலாம். சிங்களம் கொஞ்சம் தெரிந்தாலும் சொல்ல மறக்காதீர்கள்.

சுன்னாகம் தம்பி: "வெளிநாடு போகிற எண்ணம் இருக்கா?" என்று எல்லா இடமும் கேட்கிறார்கள். அண்ணா கனடாவில் இருக்கிறார். என்ன சொல்வது?

உண்மையைச் சொல்லுங்கள். பழக்கி எடுத்த ஆள் ஆறாம் மாதம் விசா வந்துவிட்டது என்று போனது இங்கே பல நிறுவனங்களுக்கு நடந்திருக்கிறது. அந்தப் பயத்தில்தான் கேட்கிறார்கள். பயண அலுவல் ஒன்றும் நடக்கவில்லை என்றால் நேரே சொல்லுங்கள். நடக்கிறது என்றால் எவ்வளவு காலம் நிற்க முடியும் என்று சொல்லுங்கள். ஒரு வருடம் என்று தெளிவாகச் சொன்ன ஒருவரை நாங்கள் எடுத்திருக்கிறோம்.

பெண் பிள்ளைகளிடம் கலியாணம் எப்போது என்று கேட்பது எனக்கு அறவே பிடிக்காது. நான் இருந்த குழுக்களில் கேட்க விட்டதில்லை. யாராவது கேட்டால், "அது என்னுடைய வேலையைப் பாதிக்காது, சேர்" என்று சொல்லி நிறுத்திக்கொள்ளுங்கள்.

மானிப்பாய் தங்கை: ஒரு கடையில் ஐந்து மாதமாகக் கணக்கு எழுதுகிறேன். நியமனக் கடிதம் தரவில்லை. நிரந்தரமான பிறகுதான் ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி) என்கிறார் முதலாளி. கேட்டால் கோபிப்பாரோ?

கோபித்தாலும் கேட்க வேண்டிய விஷயம் இது. ஈ.பி.எஃப் முதல் நாளிலிருந்தே உங்களுக்கு உரியது. தகுதிகாண் காலம் என்றாலும், கடையில் நீங்கள் ஒருவர்தான் வேலைக்காரர் என்றாலும் கட்டத்தான் வேண்டும். சம்பளம் 50,000 ரூபாய் என்றால் உங்களிடம் 8 வீதம், 4,000 ரூபாய் பிடிக்கலாம். முதலாளி தன் பங்குக்கு 12 வீதம், 6,000 ரூபாய் போட வேண்டும். இதற்கு மேலே ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்று முதலாளி போட வேண்டியது 3 வீதம், 1,500 ரூபாய். அதை உங்கள் சம்பளத்தில் கழிக்கக் கூடாது. ஐந்து மாதத்துக்கு முதலாளியின் பங்கு மட்டும், இரண்டும் சேர்த்து, 37,500 ரூபாய், தங்கச்சி.

நியமனக் கடிதமும் அப்படித்தான். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி அது எழுத்தில் தரப்பட வேண்டும். சண்டைக்குப் போவது போலக் கேட்கத் தேவையில்லை. கடையில் சனமில்லாத நேரம் பார்த்து, "ஐயா, ஈ.பி.எஃப் படிவம் நிரப்ப என்னென்ன கொண்டுவர வேண்டும்?" என்று கேளுங்கள். தருவாரா மாட்டாரா என்பது அந்தக் கேள்வியில் வராது. மறுத்தால் தொழில் திணைக்களத்தில் முறையிடலாம். சம்பளச் சீட்டு, வரவுப் பதிவு எது கிடைத்தாலும் இப்போதே படம் எடுத்து வையுங்கள்.

பெயர் வேண்டாம் என்று எழுதிய தங்கை: மேலதிகாரி இரவு பத்து மணிக்கு மேல் வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். முதலில் வேலை விஷயம், இப்போது என் உடுப்பைப் பற்றி. வீட்டில் சொன்னால் வேலையை விடச் சொல்வார்கள்.

அம்மா, இதில் உங்கள் பிழை ஒன்றும் இல்லை. ஒன்றையும் அழிக்காதீர்கள். திகதி தெரிகிற மாதிரிப் படம் எடுத்து நம்பிக்கையான ஒருவரிடமும் கொடுத்து வையுங்கள். "வேலை விஷயங்களை மட்டும் அலுவலக நேரத்தில் எழுதுங்கள் சேர்" என்று ஒரே ஒரு பதில் போடுங்கள். சிரிப்புப் படம் எதுவும் சேர்க்க வேண்டாம். பிறகும் தொடர்ந்தால் நிர்வாகத்துக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சொல்லால் செய்கிற பாலியல் தொந்தரவும் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவில் குற்றம். ஐந்து வருடம் வரை சிறை உண்டு. 1938 என்ற பெண்கள் உதவி இலக்கத்துக்கு அழைத்தும் பேசலாம். வீட்டில் அம்மாவிடமாவது சொல்லுங்கள். இதைத் தனியே சுமக்காதீர்கள்.

நல்லூர் தம்பி: வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம். தேருக்கும் தீர்த்தத்துக்கும் லீவு கேட்கலாமா?

கேளுங்கள். முதல் வருடத்தில் முடிந்த ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் ஒரு நாள் தற்செயல் லீவு சேரும். நாலு மாதம் என்றால் இரண்டு நாள், கணக்குச் சரி. ஆனால் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழா நடக்கிற அந்த 25 நாளும் அலுவலகத்தில் எல்லோரும் லீவு கேட்பார்கள். கொடியேறுவதற்கு முதலே எழுதிக் கொடுத்துவிட்டு, உங்கள் வேலையை யார் பார்ப்பார் என்பதையும் பேசி வையுங்கள். காலையில் கோயில் வீதியில் நின்றுகொண்டு காய்ச்சல் என்று போன் எடுக்க வேண்டாம். மேலதிகாரியும் அங்கேதான் நிற்பார்.