பிணம் பேசிவிட்டால் துப்பறிய என்ன மிச்சம்?

கேள்வி: கும்பகோணத்தில் ஞாயிற்றுக்கிழமைதோறும் ஐந்து பேர் கூடி ‘டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுகிறோம்; ஒருவர் கதை சொல்லி நடத்த, மற்றவர்கள் கதைமாந்தர்களாகிப் பகடை உருட்டி ஆடும் ஆட்டம். 2014-ஆம் ஆண்டு விதிநூல். கதையைக் கடைமடைக் கிராமம் ஒன்றில் அமைத்து நானே நடத்துகிறேன். பூட்டிய அறைக்குள் பண்ணையார் மந்திரத்தால் இறந்து கிடக்கிறார். ஆனால் பூசாரியாக ஆடும் என் சித்தப்பா மகன், ‘ஸ்பீக் வித் டெட்’ மந்திரத்தால் பிணத்திடமே கொலையாளியின் பெயரைக் கேட்டு வாங்கிவிட்டான். பத்து நிமிடத்தில் கதை முடிந்தது. அந்த மந்திரத்தைத் தடை செய்துவிடலாமா?

பதில்: வேண்டாம். ஐந்தாம் நிலை வரை பொறுமையாக ஆடித்தான் உங்கள் தம்பி அந்த மந்திரத்தைப் பெற்றிருக்கிறார். அதைப் பிடுங்கினால் அடுத்த வாரம் அவர் மனமொன்றி ஆட மாட்டார். பண்ணையாருக்குக் கொலையாளி யாரென்று தெரியும்படி கதையை எழுதினீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான் இருக்கிறது. மந்திரக் கொலையை எழுத உட்காரும்போது, செத்தவருக்கு என்ன தெரியும் என்பதை முதல் வரியாக எழுதுங்கள்.

விதியும் உங்களுக்குத் துணையாகவே இருக்கிறது. பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும். ஐந்து கேள்விகளுக்கு மேல் கிடையாது. உயிரோடிருந்தபோது தெரிந்தது மட்டுமே அதற்குத் தெரியும். கேட்பவர் பகையாளி என்றால் உண்மை சொல்லும் கட்டாயமும் இல்லை. ஒருமுறை பேசிய உடலிடம் 10 நாள் கழித்துத்தான் மறுபடி பேச முடியும்.

‘டிடெக்ட் மேஜிக்’ பற்றியும் பலருக்கு வீண் பயம். 30 அடிக்குள் அந்த நேரத்தில் இருக்கும் மந்திரத்தைத்தான் அது காட்டும். நேற்றிரவே முடிந்துபோன மந்திரத்தின் சுவடு உடலில் தங்கும் என்று உங்கள் விதிநூல் சொல்லவில்லை. இதே ஆட்டத்தின் பழைய 3.5 பதிப்பில் சுவடு உண்டு. வலுவான மந்திரமானால் 10 முதல் 60 நிமிடம் வரை நிற்கும். உங்கள் குழுவில் யாராவது அதில் பழகியவர் இருந்தால் ஆட்டத்துக்கு முன்பே தெளிவுபடுத்திவிடுங்கள்.

நானாக இருந்தால் ‘ட்ரீம்’ மந்திரத்தைக் கொலைக் கருவியாக எடுப்பேன். அதைப் போடுகிறவர் தனக்குத் தெரிந்த ஒருவரின் தூக்கத்துக்குள் புகுந்து, கோர உருவத்தில் அதிகபட்சம் பத்துச் சொற்கள் சொல்லலாம். தூங்குகிறவர் அதிலிருந்து தப்பப் பகடை உருட்டித் தோற்றால், விழிக்கும் நொடியில் மூன்று ஆறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை அளவுக்குச் சேதம். சாதாரண ஊர்க்காரருக்கு உயிர்ப்புள்ளி, அதாவது அவர் தாங்கக்கூடிய சேதம், 4-தான். மூன்று பகடையின் சராசரியோ பத்தைத் தாண்டும். விடியற்காலையில் ஓர் அலறல், பூட்டிய கதவு, காயமில்லாத உடல். எதிரியின் முடியோ நகமோ கையில் இருந்தால் தப்பிக்கும் வாய்ப்பு இன்னும் குறையும் என்று விதியிலேயே எழுதியிருக்கிறது. உதிர்ந்த முடியைக் கண்ட இடத்தில் போடாதே என்று கண்டித்த பாட்டிகளிடம் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. மாடத்தில் இருக்கும் பண்ணையாரின் சீப்பு மட்டும் வழக்கத்துக்கு மாறாகத் துடைத்து வைத்ததுபோல் சுத்தமாக இருக்கட்டும். அந்த மாடத்துக்கு யார் யார் கை போகும் என்று உங்கள் ஆட்டக்காரர்களே கேட்பார்கள்.

இந்த மந்திரத்துக்கு ஒரு கைப்பிடி மணல், ஒரு துளி மை, தூங்கும் பறவையிடம் பறித்த இறகு ஆகியவை வேண்டும். மந்திரக்கோல் போன்ற சாதனம் இருந்தால் இவை தேவைப்படாது. ஆகவே கொலையாளியிடம் அது இல்லாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். களிமண் பூமியில், மெழுகிய திண்ணையில், ஆற்று மணல் சிந்திக் கிடந்தால் கண்ணில் படும். தவிர, ஒன்பதாம் நிலையை எட்டிய மந்திரவாதிதான் இதைப் போட முடியும். அவ்வளவு படித்தவர் கடைமடையில் ஏன் ஒடுங்கிக் கிடக்கிறார்?

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்தது இதன் மயக்கநிலை. கனவுக்குள் போனவர் எட்டு மணி நேரம் வரை அசையாமல் கிடப்பார். வேறு எந்த வேலையும் செய்ய முடியாது. இப்போது வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில் தன் முறை நடுநிசியில் வந்தாலும் மண்வெட்டியோடு போய் மடையைத் திறக்காத விவசாயி உண்டா? அன்றைய முறைக்காரர்களில் ஒருவரது வயல் மட்டும் காய்ந்து கிடக்கிறது. வரப்பில் ஈரமில்லை, மடைவாயில் முந்தாநாள் அடைத்த மண் வெடித்திருக்கிறது. அந்த இரவு அவர் எங்கே இருந்தார்?

மந்திரப் பொருள் எதையாவது ஒளித்து வைக்கப் போகிறீர்கள் என்றால் ஒன்றைக் கவனியுங்கள். மெல்லிய ஈயத் தகடு ‘டிடெக்ட் மேஜிக்’கை மறைக்கும், விதி சொல்வது காரீயத்தை. நம் பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், கும்பகோணம் ஈயச்சொம்பும் வெள்ளீயம். ஆட்டக்காரர்கள் ரசச் சொம்பைச் சந்தேகித்தால் சந்தேகிக்கட்டும். உண்மையான பெட்டி வேறு இடத்தில் இருக்கட்டும்.

மந்திரமே இல்லாத சாவு என்ற வாய்ப்பையும் திறந்து வையுங்கள். கட்டுவிரியன் இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல நேரம் வலியும் தெரியாது, பல் பதிந்த தடமும் தெரியாது. மந்திரத்தால் செத்தார் என்று ஊர் முடிவுகட்ட இது போதும். நம் சட்டப்படி சந்தேக மரணத்தில் அக்கம்பக்கத்துப் பெரியவர்கள் இருவராவது உடனிருக்க, உடலில் உள்ள காயங்களையும் தடங்களையும் எழுதி வைக்கிறார்கள். முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174-ஆவது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டத்தின் 194-ஆவது பிரிவு. உங்கள் ஊர்ப் பஞ்சாயத்தும் அப்படி ஓர் ஓலை எழுதியிருக்கட்டும். அதில் ‘இமை சரியவில்லை, வயிற்றுவலி என்று யாரையும் எழுப்பவில்லை, ஒரே அலறல்’ என்று இருந்தால், இமை சரிவதும் வயிற்றுவலியும் கட்டுவிரியன் கடியின் அறிகுறிகள் என்பதால், கூர்மையாகப் படிப்பவர் பாம்பை ஒதுக்கிவிடுவார்.

ஒரு வேண்டுகோள். ஊரே கைகாட்டுகிற ஏழை வைத்தியரையோ தனியாக வாழும் கிழவியையோ கொலையாளி ஆக்காதீர்கள். சூனியக்காரி என்ற பேச்சால் நிஜ மனிதர்கள் அடிபட்டிருக்கிறார்கள். வதந்தி தவறு என்று கண்டுபிடிப்பதே உங்கள் ஆட்டத்தின் முதல் வெற்றியாக இருக்கலாம்.

முடிந்துபோன கதையையும் காப்பாற்றலாம். பண்ணையார் பொய் சொல்லவில்லை; அவர் சொன்னது அவர் நம்பிய பெயர். கனவில் வந்த உருவம், ‘என் தண்ணீரைத் திருடியவனே, இனி உனக்கு விடியாது’ என்றது. தண்ணீர்த் தகராறு யாரோடு என்று நினைத்தாரோ அவர் பெயரையே சொன்னார். வரும் ஞாயிறு அந்த மனிதர் மண்டபத்தூணில் கட்டப்பட்டிருக்க ஆட்டத்தைத் தொடங்குங்கள். முழங்கால்வரை சேறு காய்ந்திருக்கிறது. “ராத்திரி முழுக்க மடையில் நின்றேன் சாமி, என் வயலைப் போய்ப் பாருங்கள்” என்கிறார். அவர் வயலில் தண்ணீர் தளும்புகிறது.